மூக்கில் ரத்தம் நிற்கவில்லை: குழாயை அடைக்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

மார்ச் 3, இரவு 9:15 (கேள்வி)
அம்மாவுக்கு 67 வயது. பிபி உண்டு. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று மதியத்திலிருந்து மூக்கில் ரத்தம். இரண்டு தடவை பேக் (மூக்குக்குள் துணி திணித்து அடைப்பது) வைத்தாயிற்று. முன்னால் நின்றாலும் தொண்டை வழியாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. "ஆஞ்சியோ மாதிரி பண்ணி ரத்தக்குழாயை அடைச்சிடலாம்" என்கிறார் ஈ.என்.டி டாக்டர். மாமா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். தலைக்குப் போகிற குழாயை அடைத்தால் மூளை என்னாகும் என்பது அவர் கேள்வி. இங்கே யாராவது செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

மார்ச் 3, இரவு 9:50
நான் செய்துகொண்டவன். கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன், முதலில் மாமாவுக்குப் பதில்.

கழுத்தில் கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. உள் கரோட்டிட் மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. வெளி கரோட்டிட் முகம், தாடை, நாக்கு, மண்டைத் தோல், மூக்கு இவற்றுக்குப் போகிறது. டாக்டர் அடைக்கப்போவது வெளி கரோட்டிட்டின் கடைக்கொம்பில். மேக்ஸிலரி என்று ஒரு கிளை, அதன் நுனியில் ஸ்ஃபீனோபாலட்டைன் என்று ஒரு குட்டித் தமனி. மூக்கின் பின்பாதிக்கு ரத்தம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. அந்தக் குழாய்க்குள் பொடித் துகளை விட்டு அடைப்பார்கள், இதற்குப் பெயர் எம்போலைசேஷன். மூளைக்குப் போகும் குழாயில் துகள் எதையும் விடமாட்டார்கள். சாயம் மட்டும் செலுத்திப் படம் பார்ப்பார்கள்.

மாமாவின் பயத்தை அதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டாம். உள் கரோட்டிட்டுக்கும் வெளி கரோட்டிட்டுக்கும் நடுவே சின்னச் சின்ன இணைப்புகள் உண்டு. துகள் அந்த வழியாகத் தப்பிப் போனால் கண் பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம். அனுபவமுள்ள இடங்களில் இப்படிப்பட்ட பெரிய சிக்கல் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு என்ற அளவில்தான். "ஆபத்தே கிடையாது" என்று யாராவது சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

மார்ச் 3, இரவு 10:02
அவசரமாக ஒன்று. அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். விழுங்கினால் வயிறு குமட்டி, கறுப்பாக மொத்தமாக வாந்தி வரும். அதைப் பார்த்து வீடே பதறும். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லும் உறவினர்களை வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

மாத்திரை எது? ஆஸ்பிரினா, கிளோபிடோக்ரெலா, வார்ஃபரினா? சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். வார்ஃபரின் என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் சோதனையை இன்றே பார்த்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் கிளோபிடோக்ரெலை வீட்டில் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரும் ஈ.என்.டி டாக்டரும் போனில் பேசி முடிவு செய்யட்டும். மூக்கைக் காப்பாற்றப் போய் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது வேறு கதையாகிவிடும்.

மார்ச் 3, இரவு 11:30
தூக்கம் வரவில்லை, என் கதையை எழுதிவிடுகிறேன்.

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் உண்டு, ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் இரண்டு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் கடையில் கணக்கு எழுதும்போது பில் புத்தகத்தில் சொட்டியது. சின்ன வயதில் சில்லுமூக்கு உடையாத பிள்ளை உண்டா? அந்த மாதிரி என்று நினைத்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் பிடித்தால் முன்பக்க ரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். இது நிற்கவில்லை. பிடித்திருக்கும்போதே தொண்டைக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் மஞ்சள் மருந்து தடவிய ரிப்பன் காஸைத் திணித்தார்கள். முழ நீளத் துணி அந்தச் சின்ன ஓட்டைக்குள் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அயோடஃபார்ம் வாசனை மண்டைக்குள் ஏறி நின்றது. எடுத்ததும் மறுபடி கொட்டியது. மறுபடி திணிப்பு. அப்புறம் சிறுநீருக்குப் போடுகிற ஃபோலி டியூபை மூக்கு வழியே விட்டு, பின்னால் பலூனை ஊதி இழுத்துக் கட்டினார்கள். அது கை தேர்ந்த வேலைதான், உயிர் காக்கிற வேலையும்கூட. ஆனால் அந்த இரவு எனக்கு மூச்சு முழுவதும் வாய் வழியாக. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டும். எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். விரலில் ஆக்ஸிஜன் கிளிப்பை மாட்டி வைத்திருந்தார்கள். பின் பேக் வைத்தவர்களுக்கு ஆக்ஸிஜன் இறங்கும் அபாயம் உண்டு என்பதால் அதைக் கவனிப்பார்கள்.

என் மனத்தாங்கல் ஒன்றுதான். எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழல்) விட்டுப் பார்க்கவில்லை. நின்றால் அனுப்புவது, வந்தால் திணிப்பது. மனைவிதான் சண்டை போட்டு என்னை வேறு ஊருக்குக் கொண்டுபோனாள்.

அங்கே கேத் லேப், ஆஞ்சியோ செய்கிற அறை. தலையை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். வலது தொடை இடுக்கில் மரத்துப்போகிற ஊசி, பிறகு ஒரு அழுத்தம், அவ்வளவுதான். உள்ளே விடுகிற மெல்லிய குழாய், அதாவது கதீட்டர், வயிறு, மார்பு தாண்டிக் கழுத்துக்குப் போவது நமக்குத் தெரியாது, ரத்தக்குழாய்க்குள் அந்த உணர்ச்சி கிடையாது. சாயம் விடும்போதுதான் தெரியும். வெளி கரோட்டிட்டில் விட்டபோது கன்னமும் மேல்பல் வரிசையும் சுட்டது. உள் கரோட்டிட்டில் விட்டபோது மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் பளீரென்று அடித்தது. "மூச்ச நிறுத்துங்க, எச்சில் முழுங்காதீங்க" என்று ஒவ்வொரு படத்துக்கும் சொல்வார்கள். சாயம் இல்லாத முதல் படத்தைச் சாயம் உள்ள படத்திலிருந்து கழித்து, எலும்பை மறைத்து, குழாயை மட்டும் காட்டுகிற முறை அது. நடுவில் தொண்டை அசைந்தால் கணக்கு கலைந்துவிடும். தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருப்பவனிடம் முழுங்காதே என்றால் என்ன பாடு!

பிறகு பெரிய கதீட்டருக்குள் நூல் மாதிரி ஒரு மைக்ரோகதீட்டரை விட்டு, மேக்ஸிலரியின் கடைசி வரை கொண்டுபோய், பி.வி.ஏ என்கிற பிளாஸ்டிக் துகளைச் சாயத்தில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். டாக்டரின் கண் திரையை விட்டு நகரவில்லை. ஓட்டம் மெதுவாகி, நின்று, பின்னுக்கு வழியத் தொடங்கும் முன்னால் நிறுத்த வேண்டும். பின்னுக்கு வழிந்தால்தான் துகள் போகக்கூடாத இடத்துக்குப் போகும். இரண்டு பக்க மேக்ஸிலரியும், ரத்தம் வந்த பக்கத்து முகத் தமனியும் முடித்தார்கள். மேஜையிலேயே பேக்கை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. வாய்க்குள் டார்ச் அடித்தார்கள். தொண்டையிலும் இல்லை.

மார்ச் 4, காலை 6:40
ஒரு பக்க மூக்குக்கு ஏன் இரண்டு பக்கமும் என்று மதுரை நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நானும் டாக்டரிடம் கேட்டேன். மூக்கின் நடுச்சுவரில் இரண்டு பக்கத்துக் குழாய்களும் கைகோத்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஊட்டும். முகத் தமனியின் மேலுதட்டுக் கிளையும் நடுச்சுவரின் முன்பகுதிக்கு வருகிறது, அதனால் அதுவும் சேர்கிறது. எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படும் என்றில்லை, படத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

துகள் ஏன், உலோகச் சுருள் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. எங்கள் டெல்டாக்காரர்களுக்கு இது சட்டெனப் புரியும். தலைமதகை மூடினால் வயலுக்குத் தண்ணீர் நிற்காது, பக்கத்து வாய்க்காலிலிருந்து ஏறிவிடும். வயல் மடையிலேயே அடைக்க வேண்டும். சுருள் மேலேயே உட்கார்ந்துவிடும். பிறகு மறுபடி கசிந்தால் உள்ளே போகும் வழியும் அடைபட்டிருக்கும். துகள் கீழே போய்க் குட்டிக் குழாய்களில் உட்காரும். அதற்காக மிகப் பொடியாகவும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் 150 முதல் 500 மைக்ரானுக்குள் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) எடுக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் முக நரம்புக்கு ஊட்டும் நுண்குழாயும் தோலும் பாதிக்கப்படலாம், அந்த இணைப்புகள் வழியாகக் கண் பக்கமும் தப்பலாம்.

மார்ச் 4, காலை 6:55
இன்னொன்று. ஆஞ்சியோவில் ரத்தம் பீறிடுவது தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. "படத்துல ஒண்ணும் தெரியலயாம், அப்புறம் எதுக்கு அடைக்கிறாங்க" என்று மாமா அடுத்த சண்டைக்கு வருவார். எண்டோஸ்கோப்பில் பார்த்ததையும் பேக்குக்கு அடங்காததையும் வைத்துத்தான் அடைக்கிறார்கள்.

மார்ச் 4, பகல் 1:20
அடைக்கவே கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும், மாமாவின் கேள்விக்கு மீதிப் பதில் அதில்தான் இருக்கிறது. மூக்கின் மேல்பகுதிக்கு எத்மாய்டல் தமனிகள் வருகின்றன. அவை கண் தமனியின் பிள்ளைகள், கண் தமனி உள் கரோட்டிட்டின் பிள்ளை. துகள் அங்கே விட்டால் விழித்திரைக்குப் போய்விடும். அதனால் ரத்தம் மேலிருந்து வருகிறது என்றால் எம்போலைசேஷன் கிடையாது. கண்ணின் உள்மூலை ஓரம் சின்னதாகக் கீறி அந்தத் தமனியைக் கிளிப் போடுவார்கள். துகள் விடும் முன் உள், வெளி இரண்டு கரோட்டிட்டையும் படம் எடுப்பதும் இதற்காகத்தான். சிலருக்குக் கண்ணுக்கான ரத்தமே வெளி கரோட்டிட்டின் கிளையிலிருந்து வரும். அப்படித் தெரிந்தால் நல்ல டாக்டர் கையை எடுத்துவிடுவார்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்றால் இது: "எந்தக் குழாயிலிருந்து வருது சார், எண்டோஸ்கோப்ல பாத்தீங்களா?"

மார்ச் 4, மாலை 5:10
சேலத்திலிருந்து ஒரு ஈ.என்.டி டாக்டரம்மா எழுதியிருப்பதைப் படித்தபின் மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பெற்ற சிகிச்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் மற்ற வழி பின்னால் போய்விட்டது.

அதே ஸ்ஃபீனோபாலட்டைன் தமனியை மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு, எலும்பில் அது வெளிவரும் துளையிலேயே பிடித்துக் கிளிப் போடலாம், டயத்தர்மி என்கிற மின்சாரச் சூட்டால் சுடலாம். 1990-களிலிருந்து இது பரவியது. முகத்தில் கீறல் கிடையாது. பக்கவாத பயம் கிட்டத்தட்ட கிடையாது. சாயம் இல்லை என்பதால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் வசதி. செலவும் பொதுவாகக் குறைவு, கேத் லேப், மைக்ரோகதீட்டர் எதுவும் வேண்டாம். ஒரே கஷ்டம், முழு மயக்கம் வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், மயக்கம் தாங்கக்கூடிய ஒருவருக்கு, கைதேர்ந்த எண்டோஸ்கோப் டாக்டர் இருக்கிற ஊரில், அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். எனக்கு ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகாததால் மயக்க டாக்டர் தயங்கினார், எம்போலைசேஷன் பக்கம் போனோம். இரண்டும் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ரத்தத்தை நிறுத்துகின்றன. எது நல்லது என்பது நோயாளியையும் அன்று இரவு அந்த ஆஸ்பத்திரியில் யார் டூட்டியில் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது.

மார்ச் 4, மாலை 5:25
அறுவை செய்தும் நிற்காமல் எம்போலைசேஷனுக்கு வருபவர்கள் உண்டு. எதிர்த்திசையிலும் உண்டு. ஒன்று இன்னொன்றின் கதவைச் சாத்துவதில்லை.

மார்ச் 4, இரவு 8:45
"தொடையைக் குத்தி மூக்கை அடைப்பது எந்த ஊர் வைத்தியம்" என்று திருநெல்வேலி அண்ணாச்சி கேட்டதற்கு நன்றாகச் சிரித்தோம். இப்போது மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள் அண்ணாச்சி, வேட்டிக்குப் பங்கம் இல்லை.

எந்த ஊர் என்றால், லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927-ல் கழுத்துத் தமனியில் சாயம் விட்டு மூளைக் குழாய்களைப் படம் எடுத்தார். ஸ்வீடனில் செல்டிங்கர் 1953-ல் ஊசியால் குத்தி, கம்பியை விட்டு, அதன் மேல் கதீட்டரை நழுவ விடும் முறையைச் சொன்னார். இன்றைக்கும் தொடையில் நடப்பது அதுதான். இந்த இரண்டையும் சேர்த்து, அடங்காத மூக்கு ரத்தத்துக்குத் தமனியை அடைக்கலாம் என்று 1974-ல் சோகோலோஃப் குழு எழுதியது. ஜெலட்டின் பஞ்சுத் துண்டை வைத்து அடைத்தார்கள். அதற்கு முன்னால் கழுத்தைக் கீறி வெளி கரோட்டிட்டைக் கட்டுவார்கள், அல்லது மேல்பல்லுக்கு மேலே கீறிக் கன்ன எலும்புக்குள் புகுந்து மேக்ஸிலரியைக் கட்டுவார்கள். நம் தாத்தாக்கள் எவ்வளவு தாங்கியிருக்கிறார்கள்!

மார்ச் 5, காலை 7:15
கோவை சகோதரி எழுதியதைப் படித்து மனசு கனத்தது. அண்ணனுக்கும் அவர் மகளுக்கும் அடிக்கடி மூக்கில் ரத்தம், உதட்டிலும் நாக்கிலும் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள், எம்போலைசேஷன் செய்தும் சில மாதத்தில் திரும்ப வந்துவிட்டது என்கிறார். அம்மா, இது என் கதை மாதிரி இல்லை. எச்.எச்.டி என்கிற பரம்பரை நோயா என்று கட்டாயம் பாருங்கள். தாமாக அடிக்கடி வரும் மூக்கு ரத்தம், அந்தப் புள்ளிகள், நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற உள்ளுறுப்பில் தமனியும் சிரையும் நேராக ஒட்டியிருப்பது, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இருப்பது, இந்த நான்கில் மூன்று இருந்தால் உறுதி என்கிறார்கள். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இவர்களுக்கு மூக்கில் அடைப்பது தற்காலிக நிம்மதிதான், புதுக் குழாய் முளைத்துவிடும். உப்புத் தண்ணீர்த் துளி, ஈரப்பதம், ரத்தக்கட்டி கரையாமல் பார்க்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், தேவைப்பட்டால் புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி என்று நீண்ட கால வைத்தியம். கரகரப்பான பேக்கை உருவினால் புதுப் புண் வரும், கரையும் பேக் கேளுங்கள். இதைவிட முக்கியம் நுரையீரல் சோதனை. அங்கே அந்த ஒட்டு இருந்தால் ரத்தக்கட்டியோ கிருமியோ வடிகட்டப்படாமல் நேராக மூளைக்குப் போகலாம். அந்த இடத்தில் சுருள் வைத்து அடைப்பதுதான் சரியான வைத்தியம். மூக்குக்கு அரைகுறையாக வேலை செய்கிற அதே முறை நுரையீரலில் அவரைப் பக்கவாதத்திலிருந்து காக்கும். மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

மார்ச் 5, காலை 7:40
பத்தாம் வகுப்புப் பையன், ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைப்பு, அதே பக்கம் ரத்தம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வளரும் பையன்களுக்கு மூக்கின் பின்னால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டி வருவதுண்டு. புற்று இல்லை, ஆனால் முழுக்க ரத்தக்குழாய். ஸ்கேன் எடுக்காமல் யாரும் அதில் சதை கிள்ளக் கூடாது, கொட்டிவிடும். இதற்கும் அறுவைக்கு ஓரிரு நாள் முன்னால் எம்போலைசேஷன் செய்து கட்டியை வற்ற வைப்பார்கள். அடுத்த லீவு வரை தள்ளிப்போடாதீர்கள்.

மார்ச் 6, இரவு 9:30
தம்பி, அம்மாவுக்கு நேற்று முடிந்து நின்றுவிட்டது என்று படித்தேன். நல்ல செய்தி. மாமாவே கையெழுத்துப் போட்டார் என்பது இன்னும் நல்ல செய்தி.

கன்னத்தில் வலி, சாப்பிடும்போது தாடை இழுப்பு என்கிறீர்களே, எனக்கும் இருந்தது. மெல்லும் தசைக்குப் போகும் கிளைகளும் அதே மேக்ஸிலரியிலிருந்து வருவதால் அப்படி. குழைந்த சாதம், இட்லி, சூடு ஆறிய கஞ்சி கொடுங்கள். சில நாளில் சரியாகிவிடும். வாய் கோணினால், பேச்சு குழறினால், கண் மங்கினால் மட்டும் மணி பார்க்காமல் ஓடுங்கள். தொடையில் குத்திய இடம் வீங்குகிறதா என்றும் பாருங்கள்.

மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். உப்புத் தண்ணீர்த் துளி தினம் சில தடவை. பிபி மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிட வேண்டாம். ரத்தம் நின்றதும் "இனி எதுக்கு" என்று நிறுத்துபவர்களைக் கடையில் அன்றாடம் பார்க்கிறேன். நிறுத்தி வைத்த இதய மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 6, இரவு 9:55
விட்டுப்போனது. ஹீமோகுளோபின் 8 என்றீர்கள், இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருப்பார்கள். அது போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், விழுங்கிய ரத்தத்தாலும் முதல் ஓரிரு நாள் அப்படிப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுத்து, நாற்றம் தாங்காமல், எழுந்தால் தலைசுற்றலும் சேர்ந்தால் அது வேறு, அன்றே காட்டுங்கள். மாத்திரையைக் காபி, டீயோடு கொடுக்காதீர்கள், உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு கொடுக்கலாம்.

மார்ச் 7, காலை 6:20
சர்க்கரை இருந்தால் சாற்றில் சீனி போடாமல்.